காது பழகாது, தம்பி

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. செவித்திறன் சோதிப்பது என் தொழில். இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் என் எதிரே உட்கார்ந்து, "மேடம், மூணு நாளா இடது காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே இருக்கு. ராத்திரி தூங்க முடியல" என்றான்.

சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டு ஹாலில் வாசித்திருக்கிறான். மெட்டு, தாளம் எதுவும் கிடையாது. மிக்சரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே திருப்பிச் செருகி, அது போடும் கூச்சலைத் திருகித் திருகி உருவம் கொடுக்கும் வாசிப்பு. நாய்ஸ் இசை என்கிறார்கள். இப்படி வீட்டு ஹாலில் வாசிக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு பித்தளைக் குடம், அதன் அதிர்வை நேரே பிடிக்க அதில் ஒட்டிய கான்டாக்ட் மைக். 12க்கு 14 அடி ஹாலில் இருபது பேர், 25 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டிருக்கிறார். திங்கட்கிழமை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. அப்புறம்தான் நான்.

காதுக்குள் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர ஒன்றுமில்லை, செவிப்பறை நன்றாக இருந்தது. ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தேன். 2000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்த கோடு 4000-இல் 45 டெசிபலுக்கு விழுந்து, 8000-இல் மறுபடி ஏறியது. இந்தப் பள்ளம் பெரும்பாலும் சத்தத்தால் விழுவது. அதனால் இதைப் பார்த்தால் எங்கள் தொழிலில் முதல் கேள்வி "எங்கே வேலை?" என்பதுதான். அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் அனுப்பினேன்.

இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவன் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "முன்னாடியும் இப்படி ஆயிருக்கு மேடம், மறுநாள் சரியாயிடும். காது பழகிடும்னு நெனச்சேன்."

பழகாது. வீணை வாசிப்பவர் விரலில் காய்ப்பு விழும், பிறகு கம்பி அறுக்காது. காதுக்குள் காய்ப்பு விழ இடமே இல்லை. உட்காதில் ஒலியைப் பிடிக்கிற மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது வந்தவை அவ்வளவுதான், செத்தது மறுபடி முளைக்காது. கச்சேரி முடிந்து வெளியே வரும்போது பஞ்சு வைத்தாற்போல் காது அடைத்திருக்கிறதே, அது அந்த அணுக்கள் ஓய்ந்துபோய்க் கிடப்பது. மறுநாள் காலையில் அடைப்பு விடும். அதை "பழகிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளைச் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் கேட்கும் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் மயிரணுவையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பெரும் பங்கு போயே போய்விட்டது. அதாவது சோதனையில் எல்லாம் சரி என்று வரும்போதே உள்ளே இழப்பு நடந்திருக்கலாம்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? விசைத்தறி ஓட்டும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். இருபது வருஷம் ஓட்டியவர் "சத்தமா, அதெல்லாம் பழகிப்போச்சு" என்பார். பேரன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர் பழகியது என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் செவித்திறன் இழப்பு என்று பெயர்.

"வலிக்கவே இல்லையே மேடம்" என்பது அடுத்தது. காது வலிக்க 120 டெசிபல் வாக்கில் வேண்டும். கெட்டுப்போக 85 போதும், நேரம் மட்டும் கூட வேண்டும். 85-இல் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். 100-க்கு வரும்போது 15 நிமிடம். 103-க்கு ஏழரை நிமிடம். இது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. இசை அரங்குகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த அளவும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது.

"சின்ன ஸ்பீக்கர்தான்" என்கிறீர்கள். சரி, ஹால் எவ்வளவு பெரியது? டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சாத்திய ஜன்னல். போன மழைக்காலத்தில் இப்படி ஒரு வீட்டு நிகழ்ச்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சத்தத்தை டெசிபலில் அளக்கும் ஒலிமானியோடு போனேன். ஸ்பீக்கர் பக்கம் 103, கதவோரம் 100. திறந்தவெளி மாதிரி பின்னால் போய் நின்றால் தப்பலாம் என்பதெல்லாம் இங்கே கிடையாது.

உங்கள் இசைக்கே உரிய சிக்கல்களும் உண்டு. காதுத் துவாரத்தின் அமைப்பே 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும், வெளியீடு உள்ளீட்டுக்கே திரும்பும்போது எழும் கீச்சென்ற ஃபீட்பேக் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் வந்து உட்காருகிறது. ஒரே ஒலி விடாமல் நீளும் ட்ரோனில் காதுக்கு மூச்சுவிட இடைவெளி இல்லை. பத்து நிமிடத்தில் உங்கள் காது மந்தமாகும், சத்தம் குறைந்துவிட்டதாகத் தோன்றும், கை தானாகக் குமிழைத் திருகும். எதிரே இருக்கும் இருபது பேரும் அந்தத் திருகலுக்கு விலை கொடுக்கிறார்கள்.

சத்தத்தையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்து அந்த ஹாலில் இயர்பிளக் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அங்கே வாசித்த குடத்தின் அதிர்வு தரை வழியாக முதுகுத்தண்டில் ஏறியது, அது எனக்கு மிகவும் பிடித்தது. காதைப் பிளக்கும் கிட்டார் இரைச்சலுக்குப் பேர்போன மை ப்ளடி வேலன்டைன் ராக் குழு 2008-இல் மீண்டும் மேடையேறியபோது வாசலிலேயே ரசிகர்களுக்கு இயர்பிளக் கொடுத்தார்கள். அதனால் அவர்கள் இசை சின்னதாகிவிடவில்லை.

ஆகவே, கொஞ்சம் கேளுங்கள். வாசிப்பவருக்கு முதலில் இயர்பிளக், இதில் பேச்சே இல்லை. எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கிற இசைக்கலைஞர் இயர்பிளக் கிடைக்கிறது. ஒலியை மாற்றும் நல்ல எஃபெக்ட் பெடல் ஒன்றுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவுதான். வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு கிண்ணத்தில் நுரை இயர்பிளக் வையுங்கள். அதை மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சும்மா காதோட்டையின் விளிம்பில் சொருகினால் பயனில்லை. வீட்டுப் பஞ்சு உதவாது.

மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு லிமிட்டர், அதாவது சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி, போடுங்கள். திடீரென்று வெடிக்கும் ஒலியைச் சமாளிக்கக் காதுக்குள்ளும் ஒரு சிறு தசை இருக்கிறது, ஆனால் அது இறுகுவதற்குள் அடி விழுந்துவிடும். மைக்கை, ஒயரைப் பிடுங்கும் முன் சத்தத்தைக் கீழே இறக்குங்கள். ஸ்பீக்கரை ஆளின் காது மட்டத்தில் வைக்காதீர்கள். வாசிப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். ஐபோனுக்கு நியோஷின் ஒலி அளவிச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. மற்றொரு அறையில் விசிறி போட்டு, கதவைச் சாத்தி, காதுக்கு ஓய்வு கொடுத்து உட்கார ஓர் இடம் ஒதுக்குங்கள்.

குழந்தைகள். நான் போன அந்த வீட்டில் நாலு வயதுப் பெண் ஒருத்தி அப்பா மடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. தயவுசெய்து கவனியுங்கள். பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்குகிறதென்றால் அந்த வீட்டில் வாசிக்காதீர்கள்.

இரைச்சலோ அடைப்போ மறுநாளும் நீடித்தால் எண்ணெய் வேண்டாம், சொட்டு மருந்து வேண்டாம், நேரே வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அதற்கான மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. எதுவும் இல்லாதபோதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும். அந்தப் பையனிடம் பழைய அளவு இருந்திருந்தால் இந்த 45-இல் எவ்வளவு புதிது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அவனுக்கு அடுத்த வாரம் மறுசோதனை. சில்வண்டு கொஞ்சம் தணிந்திருப்பதாக நேற்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். "முழுசா போயிடும்ல மேடம்?" என்று கேட்டிருந்தான். இன்னும் பதில் எழுதவில்லை.