மயில்துத்தம்: நீலக்கல்லும் அன்று, துத்தநாகமும் அன்று

திராட்சைக் கொடிக்கு அடிக்கும் பூசணக்கொல்லியான போர்டோ கலவையைப் பற்றிய மொழிபெயர்ப்புக் குறிப்பொன்றில், ‘நீலக்கல் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர்’ என்று படித்தேன். இப்படிப் படிப்பது இது மூன்றாவது முறை. நவரத்தினங்களுள் ஒன்றைக் கிலோக் கணக்கில் கரைக்கச் சொல்லும் அக்குறிப்பு உண்மையில் கேட்பது மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை.

துத்தம் என்பது வடசொல்வழி வந்தது. மயிலின் கழுத்து நிறம் முன்னொட்டைத் தந்தது. சித்த மருத்துவர்கள் இதையே துருசு என்பர். ஏழிசையில் வரும் துத்தம் வேறு.

ஆங்கில வழக்கில் நீலத்தையும் கல்லையும் ஒட்டி இதற்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர், தமிழில் நீலக்கல் ஏற்கெனவே மோதிரத்தில் ஏறிவிட்டதை மறந்துவிட்டார். பொருளாலும் அது பொருந்தாது. மோதிரக் கல் அலுமினிய ஆக்சைடு, தண்ணீரில் கரையாது. மயில்துத்தமோ ஐந்து நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் உப்பு. வாணலியில் இட்டுச் சூடாக்கினால் நீரை இழந்து வெளுத்த பொடியாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் மீண்டும் நீலமாகும்.

இதைத் திருத்தப் புகுந்த வேறொருவர் ‘துத்தநாக சல்பேட்’ என்று எழுதியிருந்தார். நீலக்கல்லைப் படித்தவர் சிரித்துவிட்டுப் போவார். இதைப் படித்தவரோ வாங்கியே வந்துவிடுவார், ஏனெனில் நெல் வயலின் துத்தநாகக் குறைக்கு இடும் அந்த வெள்ளை உப்பு உரக்கடையில் உள்ளபடியே கிடைக்கிறது. ஆனால் 1885-இல் பிரான்சின் போர்டோ நகரத் தாவரவியலாளர் மில்லார்டே உலகறியச் செய்த கலவையில் பூசணத்தைக் கொல்வது செம்பு. கலவை சரியா என்று பார்க்கத் தீட்டிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் நனைத்தெடுப்பார்கள். செந்நிறம் படிந்தால் கரைந்த செம்பு மிஞ்சி நிற்கிறது, அது இலையைக் கருக்கும், இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும் என்று பொருள்.

துத்தம் வடசொல்லாயிற்றே என்று தூயதமிழ் அன்பர்கள் கேட்கலாம். செப்புக் கந்தகை போன்ற புத்தாக்கங்களைப் பாடநூலில் வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. மருந்தடிக்கும் குறிப்பில் மட்டும் வேண்டாம். ஆங்கில அகராதியைப் பத்து முறை புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் ஒருமுறை கேட்டிருந்தாலே போதும்: கடைக்காரர் மயில்துத்தத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்திருப்பார்.