ஸ்நூக்கரில் ‘கிக்’ என்பது வெறும் சாக்கா?

ஷெஃபீல்டு குரூசிபிள் அரங்கில் நடக்கும் உலக ஸ்நூக்கர் போட்டியைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். “கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்தை விட்டுவிட்டு ஆட்டக்காரர் மேஜையை முறைக்கிறார், வர்ணனையாளர் உடனே ‘கிக்’ என்கிறார். நிஜமாகவே அப்படி ஒன்று உண்டா, இல்லை இதுவும் ஒரு சாக்கா?”

சாக்குதான் சார். ஆனால் நீங்கள் நினைக்கிற சாக்கு இல்லை, பந்தை அடிக்கும் கோலான கியூவின் முனையில் தேய்க்கிறார்களே, அந்தச் சாக்.

உந்தம், ஆற்றல் அழியாமை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. ஒரே எடையுள்ள இரண்டு பந்து நேருக்கு நேர் மோதினால் வந்தது நிற்கும், நின்றது போகும். பாடப்புத்தகம் அதோடு விட்டுவிடும். கிக், அதாவது மோதும் கணத்தில் பந்துகள் வழுக்காமல் கவ்விக்கொண்டு தடம் மாறுவது, நடப்பது மோதலின் உள்ளே.

ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், அதில் 0.05 மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம், அதற்கு மேல் விதி விடாது. எடை சுமார் 140 கிராம். ஃபீனால் பிசினில் வார்த்தது, பழைய பேக்கலைட்டின் சொந்தக்காரன். பேக்கலைட்டைக் கண்டுபிடித்த லியோ பேக்லேண்ட் பிறந்தது பெல்ஜியத்தில், இன்று போட்டிகளில் உருளும் அராமித் பந்துகள் வருவதும் அங்கிருந்துதான். இவ்வளவு கெட்டியான இரண்டு பந்துகள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுத்தால் அதில் ஏறக்குறைய கால் பங்கு. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து அதற்குள் நிற்க வேண்டுமென்றால் சராசரி விசை 100 கிலோ எடைக்கு மேல் வரும். ஒரு கனத்த ஆள் கடுகளவு இடத்தில் ஏறி நின்று இறங்குகிற மாதிரி.

சரி, அந்தக் கடுகளவு இடத்தில் என்ன நடக்கிறது? இதுதான் எனக்கு அலுக்காத விஷயம். கியூவால் அடித்த வெள்ளைப் பந்து, பாக்கெட்டில் (மேஜை ஓரத்துக் குழியில்) தள்ள வேண்டிய சிவப்புப் பந்தை நோக்கி உருண்டு வருகிறது. உருளும் பந்தின் உச்சி முன்னால் ஓடும், அப்படியானால் அதன் முகம், அதாவது சிவப்பைத் தொடப்போகும் பக்கம், கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். தொட்ட கணத்தில் அந்த முகம் சிவப்பின் முதுகைக் கீழ்நோக்கித் தேய்க்கிறது. பதிலுக்குச் சிவப்பு வெள்ளையை மேலே தள்ளுகிறது. சுத்தமான பந்தென்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.05 அளவில்தான் இருக்கும், வழவழவென்று வழுக்கிவிடும். வெள்ளை எழும்புவது அரை மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது.

தொடும் இடத்தில் சாக் இருந்தால் கதை மாறுகிறது. பெயர்தான் சாக், உள்ளே இருப்பது சுண்ணாம்பு இல்லை. 1897-ல் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே அது சிலிக்காவும் அலுமினிய ஆக்சைடும் கலந்த பொடி, உப்புத்தாள் ஜாதி. கியூ முனை பந்தை வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. அதே பிடிப்பை இரண்டு பந்துகளுக்கு நடுவில் வைத்தால் வழுக்கல் பாதியிலேயே நின்று, இரண்டும் பல்சக்கரம் மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. கவ்விய பிறகு சாக் இன்னும் எத்தனை சொரசொரப்பாக இருந்தாலும் பயனில்லை, வழுக்கல் நின்றதும் உராய்வின் வேலை முடிந்தது. திடக்கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனை (அதைச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்ற அளவை) வைத்துக் கணக்குப் போட்டால் அந்த உச்சவரம்பு ஏழில் ஒரு பங்கு என்று வருகிறது. 2 மீட்டர் வேகத்தில் வந்த வெள்ளை அதில் ஏழில் ஒரு பங்கு வேகத்தோடு மேலே கிளம்பும், உயரம் 4 மில்லிமீட்டர். அரை எங்கே, நான்கு எங்கே! டிவியில் பந்து துள்ளுவதும், ‘டக்’ என்று ஒரு கட்டைச் சத்தம் கேட்பதும் இதனால்தான்.

துள்ளலை விடுங்கள், ஆட்டக்காரரைக் கொல்வது மற்ற இரண்டு. வெள்ளைப் பந்து தன் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கைச் சிவப்பிடம் பறிகொடுத்துவிடும், அதனால் நேர் அடியில் பின்தொடர்ந்து போக வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய பாதியிலேயே படுத்துவிடும். சாய்த்து வெட்டும் அடியில் இதே கவ்வல் பக்கவாட்டில் நடக்கிறது. சுழற்சியில்லாமல் வழுக்கி வரும் பந்து 45 டிகிரியில் வெட்டினால், சுத்தமான தொடுகையில் சிவப்பு 3 டிகிரி விலகும், சாக் இருந்தால் 8 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பாக்கெட்டுக்குப் போவதற்குள் இந்த 5 டிகிரி வித்தியாசம் 9 சென்டிமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட பாக்கெட்டின் வாய் அகலம். அந்த 3 டிகிரியை ஆட்டக்காரரின் கை வருடக்கணக்கான பழக்கத்தில் தானாகவே கழித்துக்கொள்ளும். 8-ஐ எப்படிக் கழிக்கும்?

அப்படியானால் ஒவ்வோர் அடியிலும் ஏன் கிக் விழுவதில்லை? பந்தின் மேற்பரப்பு சுமார் 87 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரு சாக் புள்ளி சரியாகத் தொடும் இடத்தில் வந்து நிற்பது சில நூறில் ஒரு தடவை. துடைக்காமல் ஆட ஆடப் புள்ளிகள் சேரும், வாய்ப்பும் கூடும். இதற்குள் ஒரு பொறி வேறு இருக்கிறது. உருட்டி அடிக்கும்போது கியூ முனை பந்தின் முதுகில், நடுவுக்குச் சற்று மேலே குத்திப் புள்ளி வைக்கிறது. பந்து அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 7 சென்டிமீட்டர் அளவு உருண்டதும் அந்தப் புள்ளி முன்பக்கம் வந்துவிடும். கையெட்டும் தூரத்தில், குழந்தைகூடப் போட்டுவிடும் பந்தில் கிக் விழுந்தால், இப்போதுதான் நாமே வைத்த சாக் அது!

அறையும் இதில் சேர்த்தி. மேஜைத் துணி கம்பளி, காற்றிலிருக்கும் ஈரத்தை அப்படியே குடிக்கும். ஈரத் துணியில் பந்து கனமாக ஓடும், உதிர்ந்த சாக் தூள் துணியில் ஒட்டிக் கிடந்து உருள்கிற பந்திலெல்லாம் ஏறும். குளிரில் மேஜை விளிம்பில் இருக்கும் குஷன் ரப்பர் சோம்பிவிடும். அதனால்தான் பெரிய போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கும் கற்பலகைக்கு அடியில் ஹீட்டர் வைக்கிறார்கள். நான் சென்னையில் ஆடிய ஒரு சின்ன கிளப்பில் ஹீட்டர் ஏது? மேஜையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மார்க்கர் அண்ணன் இருந்தார். நவம்பர் மழையில் தினம் சாயங்காலம் பிரஷ்ஷால் துணியின் மயிர் படியும் பக்கமாகவே, கறுப்புப் பந்து முனையை நோக்கி இழுத்துவிட்டு, அதே திசையில் இஸ்திரி போடுவார். “எதிர்ப்பக்கம் தேய்க்காத தம்பி, மயிர் எழுந்துக்கும்” என்பார். அவர் லீவு போட்ட வாரம் துணியைக் கையால் தடவினால் விரலில் பச்சைத் தூள் வரும். அந்த வாரம் முழுக்க நாங்கள் எங்கள் ராசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம், ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று கேட்டேவிட்டார். எலுமிச்சம்பழத்துக்கு ஆகும் காசில் பந்தைத் துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்கிவிடலாம்.

1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம் இது, விதிகள் எழுதி ஒட்டப்பட்டது 1880-களில் நம்ம ஊட்டி கிளப்பில். அன்று பந்து யானைத் தந்தம். தந்தம் ஈரத்தில் உப்பி வட்டம் கெடும், ஊட்டி மூடுபனியிலும் மழையிலும் எப்படித்தான் சமாளித்தார்களோ.

பில்லியர்ட்ஸ் பந்தின் கணிதத்துக்கென்றே 1835-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் கோரியோலிஸ். ஆம், புயலைச் சுழலவைக்கும் விசைக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். இன்று இங்கே ஒரு இளம் ஆராய்ச்சியாளர் பந்து விளையாட்டின் உராய்வைப் படிக்க நிதி கேட்டால் ‘சமூகப் பயன் என்ன?’ என்று ஒரு கட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். இயந்திரத்தில் தாங்கி (பேரிங்) தேய்வதும் இதே உராய்வால்தான்.

சமீப ஆண்டுகளில் ஃபின்லாந்தின் டாவோம் சாக்குக்குப் பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் மாறியிருக்கிறார்கள், அது பந்தில் குறைவாக ஒட்டும். நீங்களே பார்க்க வேண்டுமானால் இரண்டு பழைய பந்தை எடுத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் முதுகில் நடுவுக்குச் சற்று மேலே பட்டாணி அளவுக்குச் சாக்கை அழுத்தித் தேய்த்து, சிவப்பை 7 சென்டிமீட்டர் முன்னால் நேராக வைத்து மெதுவாக உருட்டி அடியுங்கள். முதல் தடவை விழாவிட்டால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்த்துங்கள். காதைக் கொடுத்தால் போதும், அந்தக் கட்டைச் சத்தம் தனியாகத் தெரியும்.