காளையைக் குத்தும் கடவுளும் பூமியின் தலையாட்டமும்

லண்டனில் ஒரு ரோமானியப் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்த வாசகர் கேட்கிறார்: “கடவுள் காளையைக் குத்துகிறார், சரி. சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள் எதற்கு?”

அது 1889-இல் வால்புரூக் பகுதியில் கிடைத்தது. உல்பியஸ் சில்வானஸ் என்ற முன்னாள் படைவீரர் வைத்த காணிக்கை. கடவுளின் பெயர் மித்ராஸ். கி.பி. 1 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை ரோமானியப் பேரரசெங்கும் அவருக்குக் குகை போன்ற இருட்டுக் கோயில்கள் இருந்தன. தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. வேதநூல் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் கிடைத்த சிற்பங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது: காளை, நாய், பாம்பு, காகம், காளையின் விதைப்பையைக் கவ்வும் தேள், வால் நுனியில் கோதுமைக் கதிர்.

இவை எல்லாமே வானத்தில் உண்டு. ரிஷபம், சிறுநாய், நீர்ப்பாம்பு, காகம், விருச்சிகம். கதிரோ கன்னியின் கையில் இருப்பது. நம் சித்திரை நட்சத்திரம்.

1989-இல் மத வரலாற்று ஆய்வாளர் டேவிட் உலன்சி ஒரு படி மேலே போனார். கி.மு. 2000-க்கு முன்பு பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் சூரியன் ரிஷபத்தில் நின்றது. இலையுதிர் காலச் சம நாளில் விருச்சிகத்தில். பிறகு வசந்தச் சம நாளில் சூரியன் நிற்கும் புள்ளி மேஷத்துக்கு நகர்ந்துவிட்டது. காளையின் காலத்தை முடித்துவைத்த, வானத்தையே திருப்பிய கடவுள்தான் மித்ராஸ் என்றார் அவர்.

வானம் எப்படித் திரும்பும்? பூமி சரியான உருண்டை இல்லை. சுழற்சியால் இடுப்பு பெருத்து, நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கி.மீ. அதிகம். அச்சு சாய்ந்திருப்பதால் அந்த இடுப்பும் சாய்ந்தே நிற்கிறது. சூரியனும் நிலவும் அதில் தங்களுக்கு அருகிலுள்ள பாதியைச் சற்றுக் கூடுதலாகவும் மறுபாதியைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கின்றன. விளைவு, பூமியை நிமிர்த்தப் பார்க்கும் ஒரு முறுக்கு. சுழலாத பொருளென்றால் நிமிரத் தொடங்கும். சுழலும் பொருள் அடம்பிடிக்கும். தள்ளிய பக்கம் போகாமல் அதற்குக் குறுக்கே விலகும். பம்பரத்தைப் பாருங்கள், சாய்க்கப் பார்க்கும் ஈர்ப்புக்குப் பணியாமல் தலையால் வட்டம் போடும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். பம்பரத்தை ஈர்ப்பு சாய்க்கப் பார்க்கிறது, பூமியை நிமிர்த்தப் பார்க்கிறது. அதனால் பம்பரத்தின் தலை அது சுழலும் திசையிலேயே ஆட, பூமியின் தலை எதிர்த்திசையில் ஆடுகிறது! ஒரு முழு வட்டத்துக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள். அதோடு சேர்ந்து சம நாள் புள்ளியும் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. இதில் நிலவின் பங்கு சூரியனுடையதைப் போல இரு மடங்கு.

இந்த நகர்வைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தவர் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ். அதுவும் சித்திரை நட்சத்திரத்தை வைத்துத்தான். சுமார் 160 ஆண்டுகளுக்கு முன் டிமோகாரிஸ் என்ற வானியலாளர் அளந்தபோது அது இலையுதிர் காலச் சம நாள் புள்ளியிலிருந்து 8 பாகை தள்ளியிருந்தது. இவர் அளந்தபோது 6.

நம் பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று கழிக்கும் கோண வித்தியாசம் இதே நகர்வுதான். இன்று 24 பாகை சேர்ந்துவிட்டது. அதனால்தான் சூரியன் டிசம்பர் 21 வாக்கில் வடக்கே திரும்பிவிட, நாம் தை முதல் நாளில் உத்தராயணம் கொண்டாடுகிறோம். இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு தந்த பரிந்துரைப்படி 1957-இல் வந்த தேசிய நாட்காட்டி வசந்தச் சம நாளுக்கு மறுநாள் தொடங்குகிறது. அரசு அலுவலகக் கடிதங்களுக்கு வெளியே அதை யார் சீந்தினார்கள்? 24 பாகையைக் கணக்காகக் கழிக்கத் தெரிந்த சோதிடர்கள், அது ஏன் வந்தது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

உலன்சிக்கு வருவோம். அந்தக் காட்சி ஒரு நட்சத்திர வரைபடம் என்பதை ஏற்கிறேன். அச்சின் நகர்வு வரை போவது எனக்கு ஒட்டவில்லை. ஹிப்பார்க்கஸின் கண்டுபிடிப்பைப் பழங்கால அறிஞர்களிலேயே வெகு சிலர்தான் குறிப்பிட்டார்கள். அது எல்லைக் காவல் வீரர்களின் வழிபாட்டுக்கு அடிப்படையானது எப்படி? ரோஜர் பெக் போன்ற ஆய்வாளர்களும் வானியலை ஏற்று இந்தப் பகுதியை மறுக்கிறார்கள். அச்சு நகர்வே வேண்டாம், ஒரே இரவு போதும்: மார்ச் கடைசியில் இரவு பத்தரை, பதினொரு மணி வாக்கில் மேற்கே ரிஷபம் இறங்கும், கிழக்கே விருச்சிகம் ஏறும். நாய், பாம்பு, காகம், கதிர் எல்லாம் இரண்டுக்கும் இடையில் வரிசையாக நிற்கும்.