சீன மொழிப் பரீட்சையில் புள்ளிகள் எங்கே கைநழுவுகின்றன?

கொழும்பில் சீன மொழி வகுப்புக்குப் போகும் தமிழ் மாணவரின் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு அச்சான பாடநூல். அதனால் சீன ஒலியையும் வாக்கியத்தையும் அவர் ஆங்கிலத்தின் வழியாகவே அணுகுகிறார். தமிழில் ஏற்கனவே கைவசம் உள்ளவை பயன்படாமலே போகின்றன.

ஒலியை எடுப்போம். சீன உச்சரிப்பை ரோம எழுத்தில் காட்டும் முறை பின்யின். அதில் 'பஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து வந்தால் தொண்டையை அதிரவிடக் கூடாது. அது நம் 'பால்', 'பழம்' என்பவற்றின் பகரம். 'பேனா' என்பதன் ஆங்கில முதல் எழுத்து வந்தால், அதே பகரத்தோடு மூச்சையும் பலமாகத் தள்ள வேண்டும். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்: முதலாவதற்கு அது ஏறக்குறைய அசையாது, இரண்டாவதற்கு நன்றாக ஆடும். சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்தான் தொனி; அவை நான்கு: சமமாக உயர்ந்தது, ஏறுவது, தாழ்ந்தது, இறங்குவது. மூன்றாம் தொனியில் மூச்சில்லாத 'பாவ்' என்றால் வயிறு நிறைந்தது; மூச்சோடு சொன்னால் ஓடுவது. தமிழில் இந்த மூச்சு பொருளை மாற்றுவதில்லை, ஆகவே நம் காது அதைக் கவனிக்காமல் விடப் பழகியிருக்கிறது. ஒருவர் சொல்ல, மற்றவர் எது என்று எழுதி, உடனுக்குடன் சரிபார்ப்பதே பயிற்சி. தினமும் 10 நிமிடம் போதும். இன்னொரு நல்ல செய்தி: 'மனிதன்' என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலிக்கு நம் ழகரம் மிக நெருக்கம்.

தொனிதான் கடினம். 'மை' மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. கேள்வி கேட்கும்போது முடிவில் குரலை உயர்த்தும் நம் பழக்கம், இறங்க வேண்டிய நான்காம் தொனியை ஏற்றிவிடும். மேலும், இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகும்; வணக்கம் சொல்லும் 'நீ ஹாவ்' அப்படித்தான். தனிச் சொல் அட்டைகளில் மட்டும் படித்தவருக்கு ஒலிப்பதிவில் அந்தச் சொல்லே பிடிபடாது. சொல்லை வாக்கியத்தோடு கேட்டுப் படிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பில் தமிழ் பெரிய துணை. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலம் தலைகீழாக்கும். சீனமோ நான், நேற்று, வாங்கு, 'த' என்ற இணைப்புச் சொல், புத்தகம் என்று நம் வரிசையிலேயே சொல்லும். 'நான் நாளை வெள்ளவத்தையில் அவரைச் சந்திப்பேன்' என்பதிலும் காலமும் இடமும் வினைக்கு முன்னால்தான் வரும். 'அவரை' மட்டும் வினைக்குப் பின்னால் போகும். ஆங்கிலத்தில் யோசிப்பவர் 'நாளை'யைக் கடைசியில் வைத்துவிடுகிறார்.

பல நிலைகள் கொண்ட எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான்காம் நிலையைப் பாருங்கள். கேட்டலில் 45 வினாக்கள், வாசிப்பில் 40, எழுத்தில் 15 மட்டுமே. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் 100 புள்ளிகள். எழுத்தின் 15இல் 10 வினாக்கள் கலைந்த சொற்களை வரிசைப்படுத்துபவை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் மட்டும் நேரத்தைச் செலவிட்டவர் இங்கேதான் சறுக்குகிறார்.

எழுத்துருக்களில் வேறொரு பொறி. முதல் இரண்டு நிலைகளில் எழுத்துக்கு மேலே பின்யின் இருக்கும். கண் அதையே வாசிக்கும். மூன்றாம் நிலையில் அது மறைந்ததும் தடுமாற்றம் வரும். தொடக்கத்திலிருந்தே பின்யினைக் காகிதத்தால் மூடிப் படியுங்கள். எழுத்துருவையும் கோடு கோடாக அல்ல, உறுப்பு உறுப்பாகப் பிரியுங்கள். 'சிங்' என்ற ஒலியுறுப்போடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயில் வானம், பேச்சு சேர்ந்தால் 'தயவுசெய்து', இதயம் சேர்ந்தால் உணர்வு. ஒன்றைப் பிடித்தால் நான்கு வரும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று இடைவெளி விட்டு, பார்க்காமல் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நெடுநாள் தங்கும்.

நான்காம் நிலையில் கேட்டல் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். அடுத்த வினாவின் விடைகளை அது தொடங்குமுன்பே வாசித்துவிட வேண்டும். வாசிப்பில் 40 வினாக்களுக்கு 40 நிமிடம். ஒரே வினாவில் மூன்று நிமிடம் நின்றால் கடைசிப் பத்திகள் வெறுமையாகக் கிடக்கும்.