விளக்கு ஆடினால் முயலின் நிழலும் ஆட வேண்டும்

மதுக்கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. மேலிருந்து ஒற்றை விளக்கு தொங்குகிறது. துப்பறியும் எடி வேலியன்ட்டின் கையும் ரோஜர் என்கிற கார்ட்டூன் முயலின் கையும் ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. விலங்கை ரம்பத்தால் அறுக்கப் போகும் பரபரப்பில் எடியின் தலை விளக்கில் இடித்துவிடுகிறது. விளக்கு ஊஞ்சலாடுகிறது. சுவரில் எடியின் நிழல் நீண்டு குறுகுகிறது. முயலின் முகத்திலும் வெளிச்சம் வந்து வந்து போகிறது.

ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கத்தில் 1988 ஜூனில் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தின் காட்சி இது. முதல் தடவை பார்த்தபோது முயலின் சேட்டைக்குச் சிரித்தேனே தவிர விளக்கைக் கவனிக்கவில்லை. பிறகொரு நாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது: விளக்கு இடது பக்கம் போனால் முயலின் வலது கன்னம் இருட்டுகிறது, திரும்பி வந்தால் காதின் ஓரம் பளிச்சிடுகிறது. முயல் வெறும் ஓவியம். அந்த அறையில் அது இருந்ததே இல்லை. விளக்கு அசையாமல் இருந்திருந்தாலும் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. வேலை மட்டும் பல மடங்கு குறைந்திருக்கும். கேட்க ஆளில்லாத இடத்திலும் மெனக்கெடுவதற்கு ‘விளக்கை இடிப்பது’ என்றே டிஸ்னி வட்டாரத்தில் பின்னாளில் பெயர் வந்துவிட்டது.

முயலை வரைந்ததிலும் சரி, படத்தில் ஒட்டியதிலும் சரி, கணினிக்கு வேலையே இல்லை. எல்லாம் பிலிமும் பெயின்ட்டும்தான்.

முதலில் நிஜ மனிதர்களை மட்டும் வைத்து எடுத்தார்கள். எடியாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ், ரப்பர் முயல் பொம்மையோடு ஒத்திகை பார்ப்பார். கேமரா ஓடும்போது பொம்மை இருக்காது. வெற்றிடத்தைப் பார்த்து நடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரில் ஆள் இல்லையென்றால் நம் கண் தானாகவே பின்னால் உள்ள சுவருக்குப் போய்விடும். கண்மணி நிலைகொள்ளும் தூரம் மாறிவிட்டதைப் பார்வையாளன் கண்டுபிடித்துவிடுவான். மூன்றடி உயரத்தில், காற்றில், இல்லாத ஒன்றின் மேல் பார்வையை நிறுத்தியதுதான் ஹாஸ்கின்ஸின் பெரிய சாதனை என்பேன். முயலுக்குக் குரல் கொடுத்த சார்லஸ் ஃப்ளைஷர், கேமராவில் படாத இடத்தில் முயல் வேஷத்தோடு நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

கார்ட்டூன்கள் தொடும் பொருள்கள் எல்லாம் நிஜப் பொருள்கள். கம்பி, நூல், இயந்திரக் கை இவற்றை வைத்து அவற்றை ஆட்டினார்கள். செட்டின் தரையையே உயர்த்திப் போட்டு, அடியில் பொம்மலாட்டக்காரர்கள் இருந்து இயக்கினார்கள். சுருட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் மேல், படத்தில் சுருட்டுப் பிடிக்கும் கார்ட்டூன் குழந்தையின் கையை வரைந்துவிட்டால் கம்பி மறைந்துவிடும். கருவியை ஒளிக்கவும் அந்த ஓவியமே உதவியது.

அடுத்தது வரைகலை. எடுத்த பிலிமை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக, தாளில் பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் வெற்றுத்தாளை வைத்து, அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸின் குழுவினர் லண்டனில் வரைந்தார்கள். சாதாரண கார்ட்டூனில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். பாதி வேலை மிச்சம். இங்கே அது எடுபடாது. ஜெமெக்கிஸின் கேமரா சும்மா நிற்காது. பின்னணி ஃபிரேமுக்கு ஃபிரேம் நகரும்போது ஓவியம் மட்டும் ஒரு ஃபிரேம் தங்கினால், முயலின் கால் எண்ணெய்த் தரையில் வழுக்குவதுபோல் தெரியும். ஆகவே வினாடிக்கு ஓடும் 24 ஃபிரேமுக்கும் 24 ஓவியங்கள். ஒரு நிமிஷத்துக்கு 1,440. இது முயலின் உருவத்துக்கு மட்டும்.

வண்ணம் பூசிய முயல் இன்னமும் தட்டைதான், ஸ்டிக்கர் மாதிரி. உடம்பில் நிழல் விழும் பகுதியைத் தனித் தாளில் கறுப்பாக வரைவார்கள். வெளிச்சம் படும் ஓரங்கள் இன்னொரு தாளில். தரையில் விழும் நிழல் வேறொன்றில். விளக்கு ஆடும் காட்சியில் இத்தனையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். மொத்தப் படத்தின் ரகசியம் இந்த நிழல் தாள்களில்தான் இருக்கிறது. உருவம் எவ்வளவு கார்ட்டூனாக இருந்தாலும், அறையின் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டால் அது அறைக்குள் இருப்பதாகவே நம் கண் எடுத்துக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கியது கலிஃபோர்னியாவில் இருந்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம். கருவி, ஆப்டிகல் பிரிண்டர். ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் எதிரெதிரே, ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும்; புரொஜெக்டரில் உள்ள பிலிமைக் கேமரா புதுப் பிலிமில் படியெடுக்கும். சுவரில் கட்சிச் சின்னம் அடிக்கும் தகரத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தட்டு ஒன்று, வெட்டி விழுந்த துண்டு ஒன்று. முயல் வடிவத் துண்டை வைத்து மறைத்துக்கொண்டு அறையைப் படியெடுத்தால், புதுப் பிலிமில் முயலின் இடம் மட்டும் ஒளி படாமல் இருக்கும். பிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, இப்போது தட்டை வைத்துக்கொண்டு முயலைப் படியெடுத்தால் அந்தக் காலியிடத்தில் முயல் போய் உட்காரும். தட்டும் துண்டும் மயிரிழை விலகினால் முயலைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும். நிழலுக்கு வேறு கணக்கு. முழுக்க மறைக்காமல், கொஞ்சம் ஒளியை விட்டு, ஓரத்தை ஃபோகஸில் லேசாகக் கலைத்துவிடுவார்கள்.

ரோஜரின் கார்ட்டூன் மனைவி ஜெசிகா பாடும் காட்சியில் அவள் உடை மினுமினுக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் கீறிய பிளாஸ்டிக் பை வழியாக ஒளியைச் செலுத்திப் பிடித்த மினுமினுப்பு அது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த தொழில்நுட்பம்.

படியெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் மங்குவதுபோல, ஒவ்வொரு படிக்கும் பிலிமின் புள்ளிகள் தடிக்கும். முயல் வரும் ஷாட்டுகள் மட்டும் மங்கலாகி, முயல் வரப்போகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்த ஷாட்டுகளை விஸ்டாவிஷன் முறையில் எடுத்தார்கள். அதே 35 மி.மீ. பிலிம்தான், ஆனால் கேமராவில் படுக்கைவாட்டில் ஓடும். பிலிம் ஓரத்துத் துளைகளில் நான்குக்குப் பதில் எட்டுத் துளை அகலத்தில் ஒரு ஃபிரேம். பரப்பளவு இரண்டு மடங்குக்கும் மேல். தரம் குறைந்த பிறகும் மற்ற ஷாட்டுகளோடு பொருந்தும் அளவுக்குக் கையிருப்பு இருந்தது.

காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. வில்லியம்ஸுக்குத் தனியாக ஒரு சிறப்பு விருது. மறு ஆண்டே, 1989இல், ஏவிஎம்மின் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினிகாந்த் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு நிழல்களை மட்டும் பாருங்கள், பொழுது நன்றாகப் போகும்.

இருட்டறையில், எடி வியர்க்க விறுவிறுக்க ரம்பத்தை இழுக்கிறான். விலங்கை வைத்து அறுக்கும் பெட்டி ஆடுகிறது. பாவம் என்று நினைத்த முயல், விலங்கிலிருந்து கையைச் சர்வசாதாரணமாக உருவி, பெட்டியைப் பிடித்துக்கொள்கிறது.