நீச்சல் குளமா, டியூப்லைட்டா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: மகன் நீச்சல் வகுப்புக்குப் போய்வந்த மறுநாள் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் கொப்புளம். குளத்தில் போடும் குளோரின்தானே காரணம், வகுப்பை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒழுங்காகப் பராமரிக்கிற குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின்தான் இருக்கும். அது தோலை உலர்த்தும், கண்ணை எரிக்கும், சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும். கொப்புளம் வரைக்கும் போகாது. பிளீச்சிங் பவுடரை ஈரக்கையால் அள்ளினால் தோல் வெந்து கொப்புளிக்கலாம்தான். ஆனால் அந்த எரிச்சல் சீக்கிரமே தெரிந்துவிடும், மறுநாள்வரை காத்திருக்காது. அப்புறம், கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கலக்காதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் கழுத்து, கோடு, மறுநாள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் பீடெரஸ் என்கிற வண்டின் மேல்தான். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பென்றே நினைப்போம். தலையும் பின்நுனியும் கறுப்பு, இடையில் செம்மஞ்சள். நெல்வயலில் புகையான் என்கிற பயிர்ப்பூச்சியைத் தின்று வாழும். மழைக்குப் பின் பெருகி, ராத்திரியில் டியூப்லைட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் நாம்தான் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடல் நீரிலுள்ள பீடெரின் என்ற நஞ்சு, தேய்த்த வழியெங்கும் இழுபடுகிறது. கோடு விழுவது அதனால்தான். முழங்கை மடிப்பில் பட்டாலோ, கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே அச்சு விழுந்துவிடும்.

பீடெரின் ஆசிட் போலச் சுடுவதில்லை. செல்லுக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்குகிறது. தறி நின்றாலும் இருக்கிற சரக்கு தீரும்வரை ஜவுளிக்கடை ஓடும் அல்லவா? செல்லும் பழைய புரதங்களை வைத்துக்கொண்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் சமாளிக்கும். அப்புறம் சாகத் தொடங்கும். மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று கோத்திருக்கும் பிணைப்புகள் விட்டுப்போக, அடித்தோலின் ரத்தக்குழாய்களிலிருந்து கசியும் நீர் அந்த இடைவெளியில் தேங்கிக் கொப்புளமாக எழும்புகிறது.

இன்னொரு வேடிக்கை, இந்த நஞ்சு வண்டின் சொந்தச் சரக்கே இல்லை. 1950களில் இதைப் பிரித்தெடுக்க 2.5 கோடி வண்டுகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் வண்டுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவினுடையவை என்று 2002இல் யோர்ன் பீல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் காட்டினார். தாய் வண்டு நஞ்சை முட்டைக்கும் கொடுத்தனுப்புகிறது. குஞ்சுப்புழுவைச் சிலந்தி தொடாது. இதே சாயலுள்ள வேதிப்பொருள்கள் கடல் பஞ்சுகளிலும் கிடைத்திருக்கின்றன. புற்றுநோய் மருந்தாகுமா என்று அவற்றை ஆராய்கிறார்கள். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், வயலில் குந்தி வண்டு எண்ணுகிறவருக்கு நிதி கேட்டால் சிரிக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வண்டு மேலே உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டதா, உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். இதை அக்கி என்று நினைத்துக் காவியால் எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. தானே ஆறியதற்குப் பெயர் காவிக்குப் போய்விடும். நிஜமான அக்கி சின்னம்மை வைரஸ் மறுபடி விழித்துக்கொள்வதால் வருவது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, வலியோடு கிளம்பும். அதற்குரிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.