சாட்சி சொன்ன பிறகு ஊசி போடலாமா?

"ஆராய்ச்சியே சொல்லிவிட்டது டாக்டர்" என்று கைப்பேசியை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி நாகர்கோவிலிலும் சுற்றுகிறது, மார்த்தாண்டத்திலும் சுற்றுகிறது. வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களுக்கு மரண ஆபத்து 33 சதவீதம் குறைவு என்று அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அனுப்புகிறவரின் மதத்துக்கு ஏற்ப மேலே சிலுவையோ வேலோ பிறையோ மாறும். கடைசி வரி மட்டும் மாறாது: "இனி மாத்திரை எதற்கு?"

போன வாரம் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல வருடச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின். "வீசிங் போலிருக்கிறது" என்றார் மகன். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடிக்கொண்டிருந்தது, வாயில் அழுகிய பழத்தின் வாடை. வீசிங் இல்லை என்று சொல்ல ஸ்டெதஸ்கோப்பே தேவைப்படவில்லை. விரலில் குத்திப் பார்த்தால், கருவி எண் எதையும் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது. எங்களிடம் உள்ள கருவியில் சர்க்கரை 600-ஐத் தாண்டினால் அப்படித்தான் வரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தேறி வந்த பிறகு அந்த அம்மாவே விவரம் சொன்னார். ஜெபக்கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள். சுகம் கிடைத்தது என்று மேடையில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். அன்றோடு இன்சுலின் நின்றது. அடுத்த நாளே நாக்கு வறண்டிருக்கிறது, இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். மருந்து ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"மக்களே, அத்தனை பேர் முன்னால் சாட்சி சொல்லிவிட்டு, வீட்டில் ஒளிந்து ஊசி போட்டால் அது கர்த்தரிடம் பொய் சொன்னதாகிவிடாதா?"

இந்தக் கேள்விக்கு மருத்துவக் கல்லூரியில் யாரும் பதில் சொல்லித் தரவில்லை.

இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. என் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் திருநீறும் ஜெபமாலையும் தொப்பியும் அருகருகேதான் உட்கார்ந்திருக்கும். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்வினை எடுக்கப் போனவர்களையும், காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு ஓதிய தண்ணீர் குடித்தவர்களையும் இதே பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த 33 சதவீதத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. 2016-இல் வெளியான ஆய்வு அது. நடத்தியது ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு. 74,534 பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடையே, போகவே போகாதவர்களைவிட மரண விகிதம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பெண்கள் அனைவரும் நர்ஸ்கள். 'நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி' என்று ஆய்வின் பெயரிலேயே அது இருக்கிறது. தொழிலே மருந்து கொடுப்பதாக இருந்தவர்கள் அவர்கள். பிரஷர் என்றால் என்ன, சர்க்கரை என்றால் என்ன என்று நமக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள். வழிபாட்டுக்குப் போன நர்ஸ்களையும் போகாத நர்ஸ்களையும்தான் ஒப்பிட்டார்கள். மாத்திரை போட்டவர்களையும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு ஜெபித்தவர்களையும் ஒப்பிடவில்லை. இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

33 சதவீதம் என்றால் நோயில் மூன்றில் ஒரு பங்கு குணமாகிவிட்டது என்றும் பொருளில்லை. ஒரு கூட்டத்தில் குறிப்பிட்ட காலத்தில் மூன்று பேர் இறந்தால், அதே அளவுள்ள இன்னொரு கூட்டத்தில் இரண்டு பேர் இறந்தார்கள் என்பதுதான் கணக்கு. யாருடைய சர்க்கரையும் இறங்கியதாக அதில் இல்லை. யாருடைய கட்டியும் கரைந்ததாக இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டவரால் கோயிலுக்கு நடந்து போக முடியாது என்ற சிக்கலும் இதில் உண்டு. போகாததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் போகவில்லையா என்று பிரிப்பதற்குள் ஆய்வாளர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இந்தக் குழு அதற்கு முடிந்தவரை இடம் கொடுத்துத்தான் கணக்குப் போட்டது.

பலன் எந்த வழியாக வருகிறது என்றும் தேடினார்கள். ஆள்துணை, புகைபிடிக்காமல் இருப்பது, மனச்சோர்வு குறைவது, நம்பிக்கையோடு நாளைப் பார்ப்பது ஆகியவை அதில் ஒரு பகுதியை விளக்கின. நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் வராத விதவையைத் தேடி யாராவது வீட்டுக்குப் போகிறார்கள். அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வரி பிரிக்கப் போகிறவர், தனியாகக் கிடக்கும் பெரியவர் படுத்துவிட்டதைக் கண்டு ஆட்டோ பிடிக்கிறார். சபை விருந்தான அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் "கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது?" என்று கேட்கிறாள். என்னிடம் சரியான நேரத்தில் வந்து சேர்ந்த நோயாளிகளில் பலரை இப்படி யாரோ ஒருவர்தான் அனுப்பிவைத்தார். அதனால்தான் சபைக்குப் போகாதே, கோயிலுக்குப் போகாதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மருந்துக்குப் பதிலாகப் பிரார்த்தனை என்று வாழ்ந்தவர்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. அதை மட்டும் ஏனோ யாரும் பகிர்வதில்லை. அமெரிக்காவில் 'கிறிஸ்டியன் சயின்ஸ்' என்றொரு மரபு இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் மருத்துவரை நாடாமல் பிரார்த்தனையையே நாடுவார்கள். புகை கிடையாது, மது கிடையாது. கணக்குப்படி பார்த்தால் நீண்ட ஆயுள் வாழ வேண்டியவர்கள். அவர்களுடைய கல்லூரியில் படித்தவர்களையும் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவர்களையும் ஒப்பிட்டு 1989-இல் ஒரு ஆய்வு வந்தது. மருந்தை ஒதுக்கியவர்களிடையேதான் மரணம் அதிகம். 1998-இல் வந்த இன்னொரு ஆய்வை வாசிக்கவே மனம் கனக்கும். மத நம்பிக்கையின் பேரில் சிகிச்சை மறுக்கப்பட்டு, 1975-க்கும் 1995-க்கும் இடையே அமெரிக்காவில் இறந்த 172 குழந்தைகளின் விவரம் அது. அவர்களில் 140 பேருக்கு இருந்தவை, சிகிச்சை கொடுத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

ஆக, மருந்தோடு சேர்த்து வழிபட்டவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். மருந்துக்குப் பதிலாக வழிபட்டவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

"எங்கள் ஐயா ஜெபித்தால் எங்கே இருந்தாலும் கேட்கும்" என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. அதையும் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வு. ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேர். தங்களுக்காக யாராவது ஜெபிக்கிறார்களா என்று தெரியாதவர்களில், ஜெபம் பெற்றவர்களுக்கு 52 சதவீதமும் பெறாதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசமே இல்லை. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவினருக்குச் சிக்கல் 59 சதவீதம்! ஜெபத்துக்கு ஆள் வைக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம் என்று பயந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். கடவுளை ஆய்வுக்கூடத்தில் அடைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அப்படியானால் ஆராய்ச்சியே சொல்லிவிட்டது என்று கைப்பேசியை நீட்டவும் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஆய்வு வேறொன்று. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும் மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு வருடம் கவனித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று மருகியவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தில் மரண ஆபத்து 28 சதவீதம் கூடுதல். இந்த நோயைப் பிசாசுதான் கொண்டுவந்தது என்று முடிவுகட்டியவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல். இதை மேடையில் பேசுகிறவர்கள் நின்று வாசிக்க வேண்டும். சுகமாகாத நோயாளியிடம் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்கிறீர்கள். "குலதெய்வக் குற்றம்" என்கிறீர்கள். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தூக்கம் வராமல் புரட்டிக்கொண்டு கிடக்கிறார். மருந்தை நிறுத்தச் சொன்னது முதல் கேடு என்றால், இது இரண்டாவது.

நல்ல ஆய்வுகளும் நிறைய உண்டு, பயப்படாதீர்கள். இத்தாலியில் 23 பேரை ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு ஒரு மந்திரத்தை ஜெபிக்க வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கி, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து சீரடைந்தன. 2001-இல் வந்தது. மாலையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள், நல்லது. பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொல்லுங்கள்.

மருத்துவமும் பக்தியும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று பேசுகிறவர்களை நம் மாவட்டத்து நெய்யூருக்கு அனுப்ப வேண்டும். ஊழியத்துக்கென்று கப்பலேறி வந்தவர்கள்தான் அங்கே மருத்துவமனை கட்டினார்கள். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். அவர் ஜெபித்தார், வயிற்றுப் புண்ணோடு வந்தவர்களைக் கத்தி எடுத்து அறுத்தும் குணப்படுத்தினார். ஜெபித்தது போதும் என்று கத்தியைக் கீழே வைக்கவில்லை.

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்தில் நான் பாராட்டுவது, நோன்பு வைக்கும் என் நோயாளிகளில் பலரை. தக்கலைப் பக்கத்திலிருந்து ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பே வந்து, "ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு?" என்று விடியலுக்கு முன் உண்ணும்போதும் நோன்பு திறக்கும்போதும் போட வேண்டிய இன்சுலின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 13 நாடுகளில் 12,000-க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நோன்பு மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோவது பல மடங்கு கூடியது தெரியவந்தது. அதன் பிறகு மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் கூடி உட்கார்ந்து வழிமுறை வகுத்தார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ நோன்பை முடித்துவிட வேண்டும். விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. தவக்காலத்திலும் சபரிமலை விரதத்திலும் உபவாசம் இருக்கிறவர்கள் ஏன் இப்படி முன்கூட்டி வந்து கேட்பதில்லை? மயங்கி விழுந்த பிறகுதான் வருகிறீர்கள்.

சிவாலய ஓட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், மாசி வெயிலில் தார்ச்சாலை, வெறுங்கால். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததும் தெரியாது, உடைந்ததும் தெரியாது. சிவராத்திரி முடிந்த பிறகு விரல் கறுத்து வருகிறவர்களை நாங்கள்தான் பார்க்கிறோம். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க ஐந்து நிமிடம் போதும். போகும் முன் வந்து காட்டிவிடுங்கள். உணர்ச்சி இல்லையென்றால் வண்டியில் போய்க் கும்பிடுங்கள், இல்லையென்றால் செருப்போடு போய் வாசலில் கழற்றுங்கள். மகனை ஓடச் சொல்லலாம். நேர்ச்சையை அடுத்தவர் நிறைவேற்றுவது நம் ஊரில் புதிதில்லை.

மற்றபடி, யார் சொன்னாலும் இன்சுலினை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை, காசநோய் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதேதான். குணமாகிவிட்டது என்று தோன்றினால் பரிசோதனை செய்து காட்டுங்கள். எண் இறங்கியிருந்தால் அளவைக் குறைக்க எனக்கென்ன வருத்தம்? தாயத்து கட்டியிருந்தாலும் எண்ணெய் பூசியிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் திட்டமாட்டேன். நாட்டு மருந்து சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுவாருங்கள். சர்க்கரையையோ வலிப்பையோ மந்திரத்தால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ் கையில் கிடைத்தால் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

போதகர்களே, பூசாரிகளே, இமாம்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். நான் அறையில் அரை மணி நேரம் சொல்வதைவிட நீங்கள் மேடையில் அரை நிமிடம் சொல்வதுதான் இவர்கள் காதில் ஏறும். சுகம் கிடைத்தது என்று ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தால், மைக்கைக் கொடுக்கும் முன் "மாத்திரை தொடர்கிறதுதானே?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். அந்த அம்மாவின் சபைப் போதகரிடமும் இதைத்தான் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.